கூரை மேல் ஒரு லாப நஷ்டக் கணக்கு

பதினாலு லட்சத்து முப்பதாயிரம் டாலர்!

ஒரு சாதாரண அமெரிக்க வீட்டின் கூரையில் சோலார் தகடு பதித்து, அந்த வீட்டுக்கு வேண்டிய கரண்டை எல்லாம் சூரியனிடமிருந்தே வாங்கிக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று 1956-ல் ஒருவர் போட்ட கணக்கு இது. ஒரு வாட் தருகிற செல்லின் விலை 286 டாலர். வீட்டுக்கு 5,000 வாட் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 14,30,000 டாலர். இந்த விலைக்குத் தெருவில் இருக்கும் எல்லா வீட்டையும் வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தில் ஆயுசுக்கும் மெழுகுவத்தி ஏற்றலாம்!

கணக்குப் போட்டவர் சூரியன் மேல் கோபம் உள்ளவர் இல்லை. அந்த செல்லைக் கண்டுபிடித்த மூன்று பேரில் ஒருவர். பெயர் டேரில் சாப்பின். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே மார்க் போட்டு ஃபெயிலாக்கிய நேர்மையான மனிதர்.

இன்றைக்கு மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது சாப்பின் கேட்ட அதே கேள்விதான். கட்டுப்படியாகுமா? கூடவே பேட்டரியும் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

நியாயமான கேள்வி. ஆனால் இதன் சரித்திரத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரே தகடு, ஒரே சூரியன். ஒருவருக்குக் கட்டுப்படியாகியிருக்கிறது, பக்கத்திலேயே இன்னொருவருக்குக் கையைச் சுட்டிருக்கிறது. ஏன்?

கொஞ்சம் பின்னால் போவோம்.

1839. பாரீஸ். எட்மண்ட் பெக்கரெல் என்ற 19 வயதுப் பையன், அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். ஒரு திரவத்தில் முக்கிய உலோகத் தகடுகள் மேல் வெளிச்சம் பட்டால் மின்சாரம் கொஞ்சம் கூடுவதைக் கவனித்தான். அவ்வளவுதான். அதை வைத்து அப்போது யாரும் ஒரு பல்பு கூட எரிக்கவில்லை. எரிக்க பல்பே கிடையாது!

பிறகு 1883. நியூயார்க்கில் சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்பவர் செலினியம் என்கிற பொருளின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசி, உலகின் முதல் சோலார் செல்லைச் செய்தார். தங்கம்! அதையும் கூரை மேல் வைத்துப் பார்த்தார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது.

அவருடைய போதாத காலம், அதே ஊரில் அதற்கு முந்தின வருஷம்தான், 1882 செப்டம்பரில், தாமஸ் எடிசன் பேர்ல் தெருவில் நிலக்கரியைப் போட்டு எரித்துக் கரண்ட் விற்க ஆரம்பித்திருந்தார். ஒரு பக்கம் தங்கம், இன்னொரு பக்கம் கரி. ஜனங்கள் எதை வாங்குவார்கள்? சோலார் எழுபது வருஷம் தூங்கப் போனது.

எழுப்பியது டெலிபோன் கம்பெனி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. கரண்ட் கம்பி போகாத, ஈரக்காற்று அடிக்கிற தூரதேசங்களில் டெலிபோன் கருவிகளுக்குப் போட்ட பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப் போயின. மாற்று வழி தேடும் வேலை சாப்பினுக்கு வந்தது. அவரும் கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் என்ற இரண்டு சகாக்களும் சேர்ந்து சிலிக்கானில் செல் செய்தார்கள். 1954 ஏப்ரல் 25-ம் தேதி அதைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். குட்டியூண்டு பொம்மை ராட்டினம் ஒன்று வெளிச்சத்திலேயே சுற்றியது. நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் முதல் பக்கச் செய்தி.

1955 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில், கிராமத்து டெலிபோன் லைனுக்கு இந்தத் தகட்டைக் கம்பத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விலை? மறு வருஷமே இறக்கிவிட்டார்கள். அந்தச் சூட்டில்தான் சாப்பினின் 14,30,000 டாலர் கணக்கு.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், வேறொரு இடத்தில் 286 டாலர் என்பது கொள்ளை மலிவு.

ஆகாயத்தில்.

1958 மார்ச்சில் அமெரிக்கா வான்கார்டு-1 என்ற சாட்டிலைட்டை அனுப்பியது. ஒரு பம்ப்ளிமாஸ் பழம் அளவு, எடை ஒன்றரை கிலோ. அதில் சாதாரண பேட்டரியே போதும் என்றார்கள் கடற்படைக்காரர்கள். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த ஹான்ஸ் ஸீக்ளர் என்ற விஞ்ஞானி விடாக்கண்டன். சோலார் செல் போட்டே தீரவேண்டும் என்று நின்றார். கடைசியில் இரண்டையும் வைத்தார்கள். பேட்டரி சில மாதங்களுக்குள் செத்தது. ஆறே ஆறு சோலார் செல் 1964 வரை சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது.

சாட்டிலைட்டில் பேட்டரி தீர்ந்தால் மாற்றப் போக முடியுமா? முடியாது. அதனால் அங்கே ‘ஒரு யூனிட் என்ன விலை’ என்ற கேள்வியே இல்லை. கரண்ட் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

இந்தச் சூட்சுமத்தைப் பூமிக்குக் கொண்டுவந்தவர் எலியட் பெர்மன் என்ற வேதியியல் நிபுணர். எண்ணெய் கம்பெனியான எக்ஸான் முதல் போட, 1973-ல் சோலார் பவர் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் சில்லு செய்கிறவர்கள் கழித்துப் போட்ட சிலிக்கான் வில்லைகளை மலிவாக வாங்கினார். சாட்டிலைட்டுக்கு வேண்டிய அலங்காரமெல்லாம் வேண்டாம், வெயில் மழைக்குத் தாங்கினால் போதும் என்று செய்தார். வாட்டுக்கு நூறு டாலர் இருந்த விலை இருபதுக்கு இறங்கியது.

யாரிடம் விற்றார் தெரியுமா? மெக்ஸிகோ வளைகுடாவில் நடுக்கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணறு மேடைகளுக்கு! கப்பல்கள் மோதாமல் இருக்க அங்கே எச்சரிக்கை விளக்கும் சங்கும் வேண்டும். அதற்குப் பெரிய பெரிய பேட்டரிகளைப் படகில் ஏற்றிப் போய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். படகு வாடகை, ஆள் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் வாட்டுக்கு இருபது டாலர் கொடுத்து ஒரே தரம் மாட்டிவிட்டு வருவது லாபம். பெட்ரோல் எடுக்கிற இடத்தில் விளக்கு எரிந்தது சூரியனால்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இங்கே முதல் பாடம் தெரிகிறது. தகட்டின் விலையை மட்டும் பார்த்து எவனும் லாப நஷ்டம் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் வேறு என்ன செய்வோம், அதற்கு என்ன செலவு? அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் ஊருக்குள் கம்பியிலேயே கரண்ட் வருகிறவனுக்கு? வாட் இருபது டாலர் என்றாலும் கட்டாது. அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் ஜெர்மன்காரர்கள்.

ஆஹன் என்று ஒரு நகரம். அங்கே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வோல்ஃப் ஃபோன் ஃபாபெக் என்பவர் சில நண்பர்களோடு சங்கம் வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கூரையில் கரண்ட் தயாரிக்கிறவனுக்கு அவனுடைய செலவு திரும்பி வருகிற விலையைக் கொடுங்கள், தானாகப் போடுவான் என்பதுதான் அது. மின்சாரக் கம்பெனி முரண்டு பிடித்தது. பல வருஷ இழுபறிக்குப் பிறகு 1990-களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. யூனிட்டுக்கு 2 மார்க். வீட்டுக்காரர் கம்பெனிக்குக் கொடுக்கிற விலையைப் போலப் பல மடங்கு!

இதே யோசனை 2000-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேசம் முழுவதற்கும் சட்டமானது. சோலார் யூனிட்டுக்கு 99 ஃபென்னிக், அதாவது கிட்டத்தட்ட ஒரு மார்க். இருபது வருஷத்துக்கு உத்தரவாதம். பாங்கிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தான். விவசாயி மாட்டுக்கொட்டகை மேல் போட்டான். சர்ச் கூரையிலும் ஏறியது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மூடிக்கிடக்கிற வானத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனி உலகத்திலேயே அதிகம் சோலார் போட்ட தேசமானது. 2000-ல் நூறு மெகாவாட் சொச்சம்தான் இருந்தது. 2010-ல் பதினேழாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

சந்தை வந்தால் சரக்கு வருமே! சீனாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரிடம் சோலார் படித்த ஷி ஸெங்ராங், 2001-ல் சீனாவின் ஊஷி நகரத்தில் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். 2005-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறி, பெரும் கோடீஸ்வரரானார். அவரைப் பார்த்து இன்னும் பல பேர் ஃபாக்டரி வைத்தார்கள். சரக்கு குவிந்து விலை சரிந்ததில் 2013-ல் சன்டெக்கின் ஊஷி கம்பெனியே திவாலானது. விலையை இறக்கியவரையே அந்த விலை விழுங்கியது.

ஆனால் இறங்கிய விலை இறங்கியதுதான். உலகத்தில் மொத்தமாகப் போட்ட சோலார் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் தகட்டின் விலை சுமார் இருபது சதவிகிதம் குறைந்திருக்கிறது. 2024 வாக்கில் மொத்த விலை வாட்டுக்குப் பத்து சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. சாப்பினின் 5,000 வாட்டுக்குத் தகடு மட்டும் ஐந்நூறு டாலர். 14,30,000 எங்கே, 500 எங்கே!

சரி, ஜெர்மனியில் அந்த ஒரு மார்க்கை யார் கொடுத்தது? கரண்ட் பில் கட்டிய எல்லோரும். காற்றாலை உட்பட எல்லா வகை மாற்று மின்சாரத்துக்கும் சேர்த்துப் பில்லில் ஒரு கூடுதல் வரி போட்டார்கள். 2014-ல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட் ஆனது. சொந்த வீடு, நல்ல கூரை உள்ளவனுக்கு வருமானம். வாடகை ஃபிளாட்டில் இருப்பவன் அதற்கும் சேர்த்து மொய் எழுதினான். முணுமுணுப்பு வராமல் இருக்குமா? 2022 ஜூலையில் அந்த வரியையே எடுத்துவிட்டு, அரசாங்கம் கஜானாவிலிருந்து கொடுக்க ஆரம்பித்தது.

கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி ஏற்பாடு. பகலில் நீங்கள் கம்பிக்குள் அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு, ராத்திரி நீங்கள் வாங்கும் ஒரு யூனிட் சரிக்குச் சரி. மீட்டர் பின்னால் ஓடுகிற மாதிரி. 1996-லிருந்து இது நடந்தது. லட்சக்கணக்கில் போட்டார்கள். விளைவு? நடுமத்தியானம் கரண்ட் வெள்ளமாய் வந்தது, வாங்க ஆளில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்து ஏ.சி. போடும்போது சூரியன் டூட்டி முடிந்து போய்விடுகிறது! மத்தியானம் தக்காளி கிலோ அஞ்சு ரூபாய், சாயந்திரம் அம்பது ரூபாய் என்றால், மத்தியானத் தக்காளியைக் கொடுத்துவிட்டு சாயந்திரத் தக்காளியை எடை போட்டு வாங்க எத்தனை நாள் கடைக்காரன் விடுவான்? 2023 ஏப்ரலில் புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு அந்த வாங்கும் விலையைச் சராசரியாக நாலில் ஒரு பங்காக வெட்டினார்கள். ஒரே ராத்திரியில் கணக்கு தலைகீழ். தகடு அதேதான், வெயிலும் அதேதான். அதன் பிறகு அங்கே சோலார் போடுகிறவர்கள் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. போட்டவர்களில் பெரும்பாலோர் பேட்டரியும் சேர்த்து வாங்கினார்கள்.

இரண்டாவது பாடம் இதுதான். உங்கள் கூரையின் லாபத்தை சூரியனைவிட அதிகமாக நிர்ணயிப்பது, மிச்சக் கரண்டை எந்த நேரத்தில் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்கிற அரசாங்க உத்தரவு. உத்தரவு மாறும்.

பக்கத்திலேயே பாகிஸ்தானைப் பாருங்கள். கரண்ட் கட்டணம் திரும்பத் திரும்ப ஏறியது. சப்ளையும் நம்பிக்கையில்லை. ஜனங்கள் யாரையும் கேட்கவில்லை. 2024-ல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குச் சீனத் தகடுகள் அங்கே இறக்குமதியாயின. வசதியுள்ளவன் கம்பியிலிருந்து கழன்றுகொண்டான். பழைய மின் நிலையங்களுக்குக் கொடுக்கவேண்டிய நிலுவை? தகடு வாங்க வழியில்லாதவன் பில்லில் வந்து உட்கார்ந்தது.

இப்போது பேட்டரிக்கு வருவோம்.

காரீய-அமில பேட்டரி 1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. அது நம் தமிழ்நாட்டு நடுக்கூடத்துக்குள் நுழைந்த காலம் ஞாபகமிருக்கிறதா? 2008-ல் ஆரம்பித்து 2012-ல் உச்சத்துக்குப் போன பவர் கட் காலம். சென்னைக்கு இரண்டு மணி நேரம். மதுரை, கோவை, திருச்சிப் பக்கமெல்லாம் பத்து மணி நேரத்துக்கும் மேல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, தூங்காத கைக்குழந்தை, வியர்த்துக் கொட்டுகிற பெரியவர்கள். கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கினோம். மாதா மாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். மூணு, நாலு வருஷத்தில் பேட்டரி போனது. திரும்பவும் வாங்கினோம்.

யாராவது கடைக்காரரிடம், ‘சார், இது எத்தனை வருஷத்தில் அசலைத் திருப்பித் தரும்?’ என்று கேட்டோமா? கேட்கவில்லை. அது ஒரு பைசா கூடத் திருப்பித் தராது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேன் சுற்றியது, அதற்குத்தான் காசு. வான்கார்டு சாட்டிலைட் கணக்கும் இதே ஜாதிதான்!

அதற்குள் வேறொரு பேட்டரி வளர்ந்துகொண்டிருந்தது. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான். அதற்கு அடித்தளம் போட்ட விட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு. குட்எனஃபுக்கு அப்போது வயது 97! கேமராவிலும் செல்போனிலும் குடியிருந்த அதை, 2015 ஏப்ரலில் டெஸ்லா ஒரு பெட்டியில் அடைத்துச் சுவரில் மாட்டலாம் என்றது. ஏழு யூனிட் சேமிக்கும் பெட்டி 3,000 டாலர், மாட்டுக்கூலி தனி. அன்றைக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கின. ஆனால் எலெக்ட்ரிக் காருக்காக லட்சம் லட்சமாய்ச் செய்யச் செய்ய, தகட்டுக்கு நடந்ததே இதற்கும் நடந்தது. 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் உலக சராசரி 115 டாலர்.

சரி சார், கதையெல்லாம் இருக்கட்டும், நான் போடலாமா வேண்டாமா என்கிறீர்களா? வாருங்கள், நோட்டை எடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். மூணு கிலோவாட் என்றால் வருஷத்துக்கு 4,380 யூனிட். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த திட்டத்தில் மூணு கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். அது போக உங்கள் கையிலிருந்து 1,20,000 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வருஷ ஆயுசு. தேய்மானம் வருஷத்துக்கு 4,800. இதே பணத்தை ஏழு சதவிகிதத்தில் டெபாசிட் போட்டால் வட்டி 8,400.

உங்கள் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது, பில் மேல் படிக்கட்டில் நிற்கிறது, சோலார் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் ஆறு ரூபாய் பெறும் என்றால், வருஷத்துக்கு 26,280. தேய்மானம் போக 21,480. டெபாசிட் பக்கத்திலேயே வர முடியாது. போடுங்கள்.

உங்கள் பில் சின்னது, மிச்சமாகும் யூனிட் மூணு ரூபாய்தான் பெறும் என்றால்? 13,140. தேய்மானம் போக 8,340. டெபாசிட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அறுபது ரூபாய்! பத்து வருஷத்தில் ஒரு தடவை இன்வெர்ட்டர் மாற்றினால் அதுவும் போச்சு. இரண்டு மாதத்துக்கு முதல் சில யூனிட்டுகள் இலவசம் என்கிற நம் மாநிலத்தில், இருநூறு யூனிட்டுக்குள் குடித்தனம் நடத்துகிறவர் சோலார் போட்டுக் காசு பார்ப்பது கஷ்டம்.

பேட்டரி? அஞ்சு யூனிட் பிடிக்கிற லித்தியம் பெட்டி ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம், பத்து வருஷம் வரும். பகல் யூனிட்டுக்கும் ராத்திரி யூனிட்டுக்கும் உங்களுக்கு மூணு ரூபாய் வித்தியாசம் என்றால் பத்து வருஷத்தில் மிச்சம் 54,750. அசலே வரவில்லை. மின்வாரியம் சரிக்குச் சரி கழித்துக்கொள்கிறது என்றால் மிச்சம் பூஜ்யம். அப்போது பேட்டரி வாங்க ஒரே காரணம், கரண்ட் நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பதுதான். வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோடு ஒரு பெரியவர் இருக்கிறாரா? எந்தக் கணக்கும் பார்க்காமல் வாங்குங்கள். இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், மின்வாரியக் கம்பியில் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ‘சோலார் இருக்கே, பவர் கட் கவலையில்லை’ என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் இதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மொட்டை மாடிக்குப் போய், காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் நாலு வரை தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். பக்கத்துக் காலி மனையில் நாளைக்கு மூணு மாடி எழும்புமா என்றும் யோசியுங்கள். மிச்ச யூனிட்டை என்ன விலைக்கு, எத்தனை வருஷத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 1956-ல் சாப்பின் போட்ட கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. அன்றைக்கு அது கட்டுப்படியாகவில்லைதான். இன்றைக்கு ஆகிறது என்றால், கட்டுப்படியாகாத காலத்தில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சாட்டிலைட் அனுப்பியவர்கள், எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள், பில்லோடு சேர்த்து வரி கட்டிய, சொந்தக் கூரை இல்லாத ஜெர்மன் வாடகைக்காரர்கள். அவர்கள் கட்டிய முதலுக்கு நாம் வட்டி வாங்குகிறோம்.

உங்கள் மாடியில் தகடு ஏறினால் உங்கள் பில் இறங்கும், சந்தோஷம். கீழ் போர்ஷனில் குடியிருக்கிறவர் பில் ஏறாமல் இருக்க என்ன ஏற்பாடு? அந்த வரியை எழுதாமல் இந்தக் கணக்கு டேலி ஆகாது.